எங்கள் காம்பிராவுக்கு அக்கா அடித்த சிவப்பு

நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். புதுப் பெயிண்ட் வாசனை அடிக்கிற வீட்டில் உங்களால் நிம்மதியாக உட்கார முடிகிறதா? என்னால் முடிவதில்லை. போன மாதம்கூட, தோட்டத்தில் புதிதாகக் கட்டிக்கொடுத்த தனி வீடு ஒன்றில் பால் காய்ச்சுகிறார்கள் என்று போயிருந்தேன். முன்னறையில் மூன்று சுவருக்கு வெள்ளை, டீவி வைக்கிற சுவருக்கு மட்டும் கருஞ்சிவப்பு. போனில் பார்த்துவிட்டு இப்போது பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் அடிக்கிறார்கள். "உக்காருங்க பெரியம்மா" என்று நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலைத் திறந்தேன், கதவுப் பக்கம் போய் நின்றேன். பாலை நின்றபடியே குடித்துவிட்டு வந்துவிட்டேன். என்ன குறை வைத்தோமோ என்று அந்த வீட்டுப் பெண்ணுக்கு மனத்தாங்கல். அவளிடம் என்னத்தைச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் லயத்தில் பிறந்தவர்கள், பாதி சொன்னாலே போதும்.

எங்கள் லயம் ஹட்டன் டவுனுக்கும் றொசல்ல ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு சரிவில் இருந்தது. ஒரே நீளக் கூரை, அதற்குக் கீழே வரிசையாகக் குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, அந்த ஓர் அறைக்கு முன்னால் ஓர் ஆள் படுக்கிற அகலத்தில் இஸ்தோப்புத் திண்ணை. காம்பிராவின் மூலையிலேயே அடுப்பு. புகை போவதற்கென்று யாரும் வழி வைக்கவில்லை. அது கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் சந்து தேடிக்கொண்டு மெதுவாகப் போகும். போகிற வழியில் எங்கள் தலைமுடி, போர்வை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். வெளிச்சுவருக்குத் தோட்டத்தில் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பார்கள். உள்சுவர் எங்கள் பாடு.

அந்த உள்சுவரை அம்மா பேப்பர் ஒட்டி மறைத்திருந்தாள். கோதுமை மாவைப் பசையாகக் காய்ச்சி, கடையில் சாமான் சுற்றிக் கொடுத்த தாள், தமிழ்ப் பேப்பர், சிங்களப் பேப்பர், பழைய கலண்டர் என்று எது கிடைத்தாலும் ஒட்டுவாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பாதித் தாள் தலைகீழாகத்தான் இருக்கும். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே கழுத்தைத் திருப்பிக்கொண்டுதான். கரி ஏறிவிட்டால் அதன் மேலேயே இன்னொரு தாள். உள்ளே மூட்டைப்பூச்சிகள் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்தன. அவற்றுக்கு மட்டும் இட நெருக்கடியே இல்லை.

ஓர் ஐப்பசியில் அக்கா தீபாவளிக்கென்று கொழும்பிலிருந்து வந்தாள். அதற்கு முந்தின தீபாவளி முடிந்த கையோடு, பள்ளிக்கூடத்தை நிறுத்தி, அவளைக் கொழும்பில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்கள். நாங்கள் சாமான் வாங்குகிற டவுன் கடை முதலாளிதான் ஏற்பாடு. திரும்பி வந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று இருக்கும், எனக்கு எட்டு. நம் லயங்களில் அப்போது எத்தனையோ பிள்ளைகள் அப்படிப் போனார்கள். அதை யாரும் கொடுமை என்று நினைக்கவில்லை. அம்மா பெருமையாகவே சொல்வாள். கொழுந்துக்கூடை தன்னோடு போகட்டும், மகள் தலையில் அந்தக் கயிறு ஏறக் கூடாது என்பது அவள் கணக்கு. அவளைத் தப்புச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. ஆனால் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வந்த அக்கா உயர்ந்திருந்தாள், இளைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. "கொழும்புத் தண்ணி ஒத்துக்கல போல" என்று அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. அக்கா சுவரில் சாயவே மாட்டாள். காம்பிராவுக்குள் நடுவிலேயே நடப்பாள், நடுவிலேயே நேராக உட்கார்ந்து சாப்பிடுவாள். பக்கத்துக் காம்பிரா அத்தை இதைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனாள்.

"பாத்தியா மதினி, பங்களாப் பழக்கம்! நம்ம புள்ளைங்க எல்லாம் செவுத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு கெடக்குதுங்க."

வந்த மறுநாள் காலையில் அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அக்கா நடுவில் நின்றபடி, "நான் இனிப் போகலம்மா" என்றாள்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாப் புள்ளைங்களும் மொத வருசம் அப்படித்தான் சொல்லும். அங்க மூணு வேள சோறு இருக்கு, லைட்டு இருக்கு, ஒழுகாத கூர இருக்கு. அட்ட கடிக்காது, விடியுமுன்ன பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓட வேணாம். இங்க வந்து என்னாடி பண்ணப் போற? இந்தக் கரிச் செவுத்துக்குள்ள என்னா இருக்கு?"

அக்கா மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பி நான்கு சுவரையும் பார்த்தாள். அம்மா கேட்ட கேள்விக்கு விடை தேடுகிற மாதிரிதான் எனக்குத் தோன்றியது. பிறகு அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாள், நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

நான் திரும்பி வந்தபோது காம்பிராவுக்குள் தாள் மலையாகக் குவிந்து கிடந்தது. அக்கா ஒரு தகரத் துண்டை வைத்துக்கொண்டு சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தாள் என்றால் ஒற்றைத் தாள் இல்லை. நான் பிறப்பதற்கு முன்னால் ஒட்டியது, அதற்கும் முன்னால் ஒட்டியது எல்லாம் சேர்ந்து அப்பளம் மாதிரி தடிமனாக உடைந்து விழுந்தது. மூட்டைப்பூச்சிகள் சிதறி ஓடின. தம்பிக்கு அப்போது இரண்டு வயது, அவன் அவற்றைத் துரத்திக்கொண்டு தவழ்ந்தான். குவியலுக்குள் என் ஏரிப் படமும் கிழிந்து கிடந்தது. பழைய கலண்டர் ஒன்றில் இருந்த ஏரி, அதில் ஒரு படகு. அக்கா அங்கேதான் வேலை செய்கிறாள் என்று அந்த ஒரு வருஷமும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தூங்கப் போகுமுன் அந்தப் படகைப் பார்த்துத்தான் படுப்பேன். ஓவென்று அழுதேன்.

சாயந்தரம் கூடையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. ஒரு தாளைக் குனிந்து எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டு மறுபடி போட்டாள்.

"நான் ஒட்டுனது அவளுக்குப் புடிக்கல" என்று அப்பாவிடம் சொன்னாள். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலேயே அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள் என்று இப்போது தெரிகிறது. பிறகு நடந்ததெல்லாம் அந்த முடிவுக்கே முட்டுக் கொடுத்தது.

இனிப் பெயிண்டுக்கு வருகிறேன். அந்த மாதம் எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கூரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அடர்ந்த சிவப்பு. பீட்ரூட்டை வேகவைத்து வெட்டினால் நடுவில் தெரியுமே, அந்த நிறம். சித்தப்பா அந்தக் கூரை வேலையில் இருந்தார். டின் அடியில் தங்கிக் கட்டிப்போன வண்டலைப் பள்ளத்தில் கொட்டச் சொல்லிவிடுவார்கள். அக்கா அதைத்தான் கேட்டாள். சித்தப்பாவுக்கு அக்கா என்றால் உயிர். கொட்டப் போன டின்களை அப்படியே சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னாத்துக்குடி இது?" என்று கேட்டார்.

"செவுத்துக்கு."

"இது தகரத்துக்கு அடிக்கிறதுடி. செவுத்துல புடிக்குமோ என்னமோ."

"புடிக்கும்" என்றாள் அக்கா. வந்ததிலிருந்து அவள் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

மேலே தோல் மாதிரிப் படிந்திருந்த ஏட்டைக் கிழித்து எடுத்தோம். உள்ளே கூழாக இருந்ததை விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் ஊற்றிக் கரைத்தோம். அதற்குத் தனியாக அடி விழுந்தது. பிரஷ் ஏது? தேங்காய் மட்டையைக் கல்லில் நசுக்கி நாரைப் பிரித்து, அதை வைத்தே அடித்தாள். அடிக்க அடிக்கக் காம்பிரா இருண்டுகொண்டே வந்தது. முதல் நாள் ஒரே பயம் எனக்கு. ஆட்டிறைச்சிக் கடைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. பழகிய பிறகு வெளியே போகப் பிடிக்கவில்லை. சிமினி விளக்கைக் கொளுத்தினால் நாலு பக்கமும் ஒரு கதகதப்பு வந்து நிற்கும்.

ஆனால் ஐப்பசி மழை. சுண்ணாம்புச் சுவர், எண்ணெய்ப் பெயிண்ட், காயவே இல்லை. பாய் சுவரில் படக் கூடாது, போர்வை படக் கூடாது. நாங்கள் ஐந்து பேரும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தோம். நெருப்புப் பற்றிவிடும் என்று அப்பா அடுப்பைத் தூக்கி இஸ்தோப்பில் வைத்துவிட்டார். காற்றுக்கும் சாரலுக்கும் அங்கே சோறு வெந்தால் அதிசயம். மண்ணெண்ணெய் வாசனை தலையில் ஏறி அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. வீட்டில் யாருக்கும் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு அந்த வாசனை இன்னும் போகவில்லை என்று முதலிலேயே சொன்னேன்.

வாசனை லயம் முழுவதும் போனதால் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினார். ஸ்டோர் பெயிண்டா என்று கேட்டார். கொட்டப் போனதுதான் என்று சித்தப்பா சொன்னார். கணக்கப்பிள்ளை சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ளுக்கு என்னா வேணுமின்னாலும் பூசிக்கங்க. வெளிச் செவுத்துல ஒரு சொட்டுத் தெரிஞ்சாலும் தொரை என்னையத்தான் கேப்பாரு" என்றார். போகும்போது திரும்பி, "கொழும்புல பெரிய வீடுகள்ல இப்ப இப்படித்தான் அடிக்கிறாங்களாம். புள்ள பாத்துட்டு வந்து செய்யிது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குக் கொழும்பில் எந்தப் பெரிய வீட்டுக்குள் போக வாய்த்ததோ, தெரியாது. ஆனால் படித்தவர் சொல்லிவிட்டார், லயத்துக்கு அது போதும். அன்று முதல் எங்கள் காம்பிராவுக்குக் கொழும்புக் காம்பிரா என்று பேர் வந்துவிட்டது. தீபாவளியன்று எண்ணெய் வைத்துக் குளித்த கையோடு ஒவ்வொரு வீடாக வந்து எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வருமுன் பெண்கள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்கள். அம்மா எல்லாருக்கும் பணியாரம் கொடுத்தாள். "அங்க இருக்கிற மாதிரியே செஞ்சிருக்கா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். முகத்தில் பெருமை இருந்தது. அதற்கடியில் ஏதோ ஒன்று அடிபட்டும் இருந்தது.

அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஏன் மறுத்துச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மெச்சுகிறார்கள், மெச்சினால் இங்கேயே வைத்துக்கொள்வார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் எந்த அளவுக்கு அழகாக்கினாளோ அந்த அளவுக்கு அம்மாவின் எண்ணம் உறுதியானது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பாசத்தாலேயே எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் சுவர் ஓரளவு காய்ந்திருந்தது. பெரியவர்கள் யாரும் இல்லை. அக்கா கரிச்சட்டியில் தம்பியின் கையைத் தேய்த்துச் சுவரில் அப்பினாள். பிறகு என் கையை, பிறகு தன் கையை. எடுத்துப் பார்த்தால் சிவப்பில் ஒன்றுமே தெரியவில்லை.

"பாத்தியா, தெரியல" என்றாள். சிரித்தாள். "இங்க எங்க வேணுமின்னாலும் சாஞ்சுக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சொல்லிவிட்டு முதுகைச் சுவரில் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். கொழும்பிலிருந்து வந்த பிறகு அவள் சாய்ந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். சட்டையின் முதுகில் சிவப்பு ஒட்டிக்கொண்டது, அதற்கு அம்மாவிடம் இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். எனக்கு அது விளையாட்டாகவே பட்டது. எட்டு வயதில் வேறு என்னவாகப் படும்?

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் முதலாளி கடைப் பையனிடம் சொல்லியனுப்பினார். அவர் மறுநாள் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போகிறார், பிள்ளையைக் காலைக் கோச்சிக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று. அன்று சாயந்தரம் அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து காலில் கடித்த அட்டைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டாள்.

"அவதான் போகலைன்னு சொன்னாளே?" என்றார் அப்பா.

"வாய்தான் சொல்லுது. கையப் பாருங்க. வந்ததுல இருந்து அந்த வீட்ட மாதிரி செய்யணும், அந்த வீட்ட மாதிரி செய்யணும்னுதானே நிக்கிறா? ஒடம்புதான் இங்க இருக்கு. மனசெல்லாம் அங்க. நம்ம காம்பிரா அவளுக்கு இனி ஒத்து வராதுங்க."

"நீ பாத்துக்க" என்றார் அப்பா. அவர் எல்லா விஷயத்துக்கும் சொல்கிற பதில் அது. நல்ல மனிதர், ஆனால் அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு வாழ்க்கையை ஓட்டிவிட்டார்.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, டின்னில் மிச்சமிருந்ததை வழித்து, கதவுக்குப் பின்னால் விட்டுப்போன ஒரு முழச் சுவருக்கு அடிக்க ஆரம்பித்தாள். அதையும் முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. அம்மா உள்ளே வந்து பார்த்தாள். "பாத்தீங்களா?" என்று வெளியே அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் அம்மா அவளுக்குத் தலைசீவிப் பின்னிவிடும்போது அக்கா மறுபடி கேட்டாள்.

"போகத்தான் வேணுமாம்மா?"

"போய்ட்டு வாடி தங்கம். வாற தீபாவளி வரைக்கும் ஒனக்காக இந்தச் செவுத்த இப்படியே வச்சிருக்கேன். அடுப்ப வெளியவே வச்சுக்கிறேன், ஒரு பொட்டுக் கரி படாது" என்றாள் அம்மா. தலையில் வழிந்த எண்ணெயைத் துடைக்கிற சாக்கில் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். அப்பா மலைக்குப் போய்விட்டார். தம்பியை அத்தை வீட்டில் விட்டிருந்தோம். மேடையில் பனி மூடிக் கிடந்தது. எதிர் மேடையில் நிற்கிற ஆள் தெரியவில்லை, இருமல் மட்டும் கேட்டது. முதலாளி கம்பளித் தொப்பியும் மஃப்ளருமாக நின்றார். அவரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்கிக் கொடுத்தார். அக்காவுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுத்திருந்தார். அவருடைய மனதில் அவர் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உபகாரம் செய்துகொண்டிருந்தார்.

அக்கா துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று பட்டிருக்கிறது.

"மொகத்த ஏன்டி இப்படி வச்சிருக்க? ஒனக்குப் புடிச்ச செவப்புச் செவுத்தத்தானே பாக்கப் போற?"

அக்கா நிமிர்ந்தாள். "எந்தச் செவப்பு?"

"அந்த வீட்டுல அடிச்சிருக்கிறதுதான்."

"அங்க செவப்பே கெடயாதும்மா. எல்லாம் வெள்ள" என்றாள் அக்கா. "ஒரு வெரல் பட்டாலும் தெரியும். காலைல எந்திரிச்சதுல இருந்து சவுக்காரத் தண்ணி வச்சு செவுத்தத் தொடைக்கிறதுதான் எனக்கு வேல. அதுல போகலைன்னா மருந்துத் தண்ணி ஊத்தித் தொடைக்கணும், கையெல்லாம் எரியும். யாரு கை பட்டிருந்தாலும் என் கைன்னுதான் சொல்லுவாங்க. அந்த வீட்டம்மா என் கையப் புடிச்சு அந்த அடையாளத்துல அளவு வச்சுப் பாப்பாங்க."

அம்மா அவள் பக்கம் குனிந்தாள். "அப்ப ஏன்டி நம்ம காம்பிராவ..."

"நீதானே கேட்ட? இந்தக் கரிச் செவுத்துக்குள்ள என்னா இருக்குன்னு. அதான் சரியாக்குனேன். சரியாக்கிட்டா வச்சுக்குவேன்னு நெனச்சேன்."

அதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். அழுதிருந்தால் அம்மா தேற்றியிருப்பாள், தேற்றி ஏற்றிவிட்டிருப்பாள்.

கோச்சி வந்து நின்றது. முதலாளி, "ஏறு புள்ள, ஏறு, கூட்டமா இருக்கு" என்று அவசரப்படுத்தினார். ஒரு வருஷமாகச் சொன்னதைச் சொன்னபடி கேட்டுப் பழகிய பிள்ளை. எழுந்து போய் ஏறிவிட்டாள். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன், அவளுக்கு அது உறைக்கவில்லை. விசில் ஊதினார்கள். பெட்டி மெல்ல அசைந்தது. அப்போதுதான் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். எட்டு வயதுப் பிள்ளையை! என்னை உள்ளே தள்ளினாள், கம்பியைப் பிடித்துத் தானும் ஏறிவிட்டாள். அக்காவைக் கீழே இழுத்திருந்தால் முடிந்திருக்குமே என்று நீங்கள் சொல்லலாம். அம்மாவுக்கு அது தோன்றவில்லை. பிள்ளை போகிறாள், பின்னாலேயே போக வேண்டும் என்பதுதான் தோன்றியிருக்கிறது.

"நீ எங்க வாற?" என்று முதலாளி திகைத்துப்போனார். "டிக்கெட்டு?"

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடுவோங்க."

"யாரு யாரு?"

"நாங்க மூணு பேரும்."

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், நான் என்ன பதில் சொல்வது, இனி உன் பிள்ளைகளுக்கு எங்கேயும் நான் பேச மாட்டேன் என்று பெட்டி முழுவதும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். தொரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால் குரலே வராத அம்மா, அக்காவின் உரிந்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"செவுரு தொடைக்கிறதுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

றொசல்லயில் இறங்கினோம். டிக்கெட் இல்லாமல் வாசல் வழியாகப் போகப் பயந்து, மேடையின் கடைசிக்குப் போய்த் தண்டவாளத்தில் இறங்கி, ஹட்டன் பக்கமாகத் திரும்பி நடந்தோம். மழை பிடித்துக்கொண்டது. அம்மா முன்னால், அக்கா நடுவில், பிஸ்கட் பக்கெட்டோடு நான் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் அக்கா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, முன்னால் எட்டிப்போய் அம்மாவின் பக்கத்தில் நடந்தாள்.

அது நல்லதுக்குத்தானா என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது. அக்கா பிறகு தோட்டத்தில் பேர் பதிந்தாள். அம்மா எந்தக் கயிறு வேண்டாம் என்று நினைத்தாளோ அதையே தலையில் மாட்டிக்கொண்டு அறுபது வயது வரைக்கும் மலை ஏறி இறங்கினாள். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன. போன பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போனபோது வாய்விட்டே கேட்டுவிட்டேன். "அன்னைக்கு எறங்காம கொழும்புக்கே போயிருந்தா இந்த முழங்கால் வலி இருந்திருக்காதுல்ல?"

"அங்க மட்டும் நின்னுக்கிட்டா செவுத்து அடியத் தொடச்சேன்? முழங்கால் போட்டுத்தானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வலி வந்தா கத்தறதுக்கு இங்க இடம் இருந்திச்சு" என்றாள்.

அன்றைக்கு நாங்கள் லயத்துக்கு வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மழைக்கு மலையில் வேலை நிறுத்தியிருந்தார்கள். அப்பா தம்பியை அத்தை வீட்டிலிருந்து தூக்கி வந்து இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்ற எங்கள் மூன்று பேரையும், அக்காவின் தலையிலிருந்த மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா, கோச்சிய விட்டுட்டீங்களா?" என்றார்.

"விடல" என்றாள் அம்மா. "ஏறினோம். எறங்கிட்டோம்."

அப்பா வாசலை விட்டு விலகி நின்று எங்களுக்கு வழிவிட்டார்.